கிரியோட்டா ஆற்றில் ஏழு ஜீப்புக் குட்டிகள்

ஹால்பெரா முப்பத்தோரு கோடைகாலம் சாலை சீவினாள். பனி உருகி, ஜூன் மாதக் கடைசியில் மலைப்பாதை கண்ணுக்குத் தென்பட்டதும், சாலைத் துறையின் மஞ்சள் கிரேடரில் ஏறி உட்காருவாள். அலை அலையாக எழும்பிக் கிடக்கும் சரளையைப் பெரிய கத்தியால் வழித்துச் சமன் செய்துகொண்டே தொண்ணூறு கிலோமீட்டர் மேலே போவாள். மறுபக்கத்தை வழித்துக்கொண்டே கீழே வருவாள். அதற்குள் மழையும் வண்டிகளுமாகச் சேர்ந்து பாதையைப் பழையபடி ஆக்கியிருக்கும். மறுபடி ஏறுவாள். வேலையை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தப் பாதையில் எந்தத் திருப்பத்தில் எந்தக் கல் தலைநீட்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

அவள் பண்ணைதான் அந்தப் பக்கத்தில் கடைசி வீடு. வீட்டைத் தாண்டினால் இருநூறு ஆடு மேயும் சரிவு, அதைத் தாண்டினால் கிரியோட்டா ஆறு. பனிப்பாறையிலிருந்து நேரே இறங்கி வருகிற ஆறு. பாலம் கிடையாது. மலைக்குப் போகிறவன் ஆற்றுக்குள் இறங்கித்தான் அக்கரை ஏற வேண்டும். ஏறாதவனை ஹால்பெரா தன் சிவப்பு டிராக்டரால் இழுத்துப் போடுவாள்.

எத்தனை பேரை இழுத்திருப்பாள் என்று அவள் எண்ணவில்லை. பணம் கொடுத்தால் வாங்க மாட்டாள். "பணம் வாங்கினா வாயை மூடிக்கணும். என்னால முடியாது" என்பாள். நனைந்து நடுங்கி நிற்கிறவனுக்குக் காபியும் உண்டு, அர்ச்சனையும் உண்டு. ஒருவன் தொடையளவு தண்ணீரில் நின்றுகொண்டு, "அரை மீட்டர் ஆழம் வரைக்கும் போகும்னு வண்டியோட புத்தகத்துல போட்டிருக்கே!" என்று அவளிடமே நியாயம் கேட்டான். "அந்தப் புத்தகத்தை நீ படிச்சே, சரி. ஆறு படிச்சுதா?" என்றாள் அவள்.

அவள் நாட்டு மொழியில் நிஜமான மலை வண்டிக்கு ஒரு பெயர், நகரத்துக் குடும்பங்கள் வாங்குகிற பளபள வண்டிக்கு இன்னொரு பெயர். இரண்டாவது பெயரைத் தமிழில் சொல்வதானால் 'ஜீப்புக் குட்டி' என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்டுக்குட்டி, கோழிக்குஞ்சு மாதிரி. எல்லோரும் அதைச் சாதாரணமாகத்தான் சொல்வார்கள். ஹால்பெரா சொல்லும்போது மட்டும் அது வசவாகிவிடும். "ஆட்டுக்குட்டி வளர்ந்தா ஆடாகும். இது கடைசி வரைக்கும் குட்டிதான்" என்பாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகன் ஜீப்புக் குட்டி விற்கிறவன்.

கோல்பெய்னுக்கு நாற்பத்தோரு வயது. தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒரு பெரிய வண்டிக் கடையில் விற்பனையாளன். நல்ல பல்வரிசை, அதைவிட நல்ல பேச்சு. மகள் மெல்கோர்காவை அவன் தாங்குகிறான் என்பதில் ஹால்பெராவுக்குச் சந்தேகமில்லை. சாப்பிட்ட தட்டைக் கேட்காமலே கழுவி வைப்பான். வாய்தான் அவளுக்குப் பிடிக்காது. அவன் ஒரு பொருளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அந்தப் பொருளுக்கே கூச்சம் வந்துவிடும் என்று புருஷன் டோர்ஃபியிடம் சொல்வாள். டோர்ஃபிக்கு இடுப்பு எலும்பை மாற்றி வைத்திருந்தார்கள். ஜன்னலோரம் ரேடியோ கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவான்.

ஜூலை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோல்பெய்ன் தனியாக வந்தான். முறுக்கிப் பொரித்த கிளெய்னூர் ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தான்.

"ஹால்பெரா, ஒரு சின்ன உதவி."

"பலகாரம் இவ்வளவு பெரிசா இருக்கு. உதவி எப்படிச் சின்னதா இருக்கும்? சொல்லு."

அவன் ஒரு வழவழப்பான விளம்பரத் தாளை மேசையில் விரித்தான். மலை, ஆறு, சிரிக்கிற அப்பா அம்மா, நடுவில் வெள்ளி நிறத்தில் ஒரு வண்டி. 'சாலை முடியும் இடத்தில் உங்கள் குடும்பத்தின் கதை தொடங்குகிறது' என்று கீழே எழுதியிருந்தது.

"சாலை முடியிற இடத்துல போலீஸ் கேஸ்தான் தொடங்கும். பாதையை விட்டு இறங்கிப் பாசி மேல ஒரு தடவை சக்கரம் ஏறினா அந்தத் தழும்பு நம்ம ஆயுசுக்கும் ஆறாது. அது தெரியாதா உங்க கடைக்கு?" என்றாள்.

"அது சும்மா ஒரு வாசகம், ஹால்பெரா. நாங்க பாதையிலதான் போவோம். வண்டி வாங்கினவங்க ஆறு குடும்பம், என்னோட சேத்து ஏழு வண்டி, கூட ஒரு படக்காரர். ஆத்தைத் தாண்டி, பள்ளத்தாக்குல ஆட்டுக்கறி சுட்டுச் சாப்பிட்டு, படம் எடுத்துட்டுத் திரும்பறோம். குடும்ப வண்டி மலைக்குப் போகுமான்னு ஜனங்க கேக்கறாங்க. போகும்னு காட்டணும்."

அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். அவன் ஓட்டி வந்த புது வண்டி நின்றுகொண்டிருந்தது. மண்டியிட்டு, கையை விரித்து வண்டியின் அடியில் நுழைத்துப் பார்த்தாள். தரைக்கும் அடிவயிற்றுக்கும் நடுவில் ஒரு சாண்கூட முழுசாக இல்லை. தட்டினாள், பிளாஸ்டிக் சத்தம்.

"கீழ இரும்புத் தகடு இல்லையா?"

"எடை குறையணும்னு..."

"டயர் என்ன, முட்டையைத் தடவற மாதிரி இருக்கு?"

"பெட்ரோல் குறைச்சலாக் குடிக்கும். சத்தமும் வராது."

"சரி. ஸ்டெப்னி எங்கே?"

கோல்பெய்ன் தொண்டையைச் செருமினான். "ஸ்டெப்னி வர்றதில்லை. பஞ்சர் ஆனா அடைக்கறதுக்குப் பசை டப்பா இருக்கு."

"மேல இருக்கற கல்லு டயரோட பக்கவாட்டைக் கத்தி மாதிரி கிழிக்கும். அப்ப பசையை வச்சு என்ன பண்ணுவே? வீட்டுக்குக் கடுதாசி எழுதி ஒட்டுவியா?"

அவன் சிரித்தான். சிரிப்பது அவன் தொழில். பிறகு, கொஞ்சம் நெளிந்துகொண்டு, வந்த விஷயத்தைச் சொன்னான். அன்றைக்கு டிராக்டர் தொழுவத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். படத்தில் டிராக்டர் தெரிந்தால் பார்ப்பவனுக்கு வேறு எண்ணம் வந்துவிடும். ஆனால் சாவி மட்டும் அதிலேயே இருந்தால் நல்லது, டீசலும் இருந்தால் ரொம்ப நல்லது.

ஹால்பெராவுக்குக் கோபம் வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாப்பிள்ளைக் கோலத்துல நீ போவே, தூக்கிட்டு வர்றதுக்கு நாலு பேரு பின்னால ஒளிஞ்சு நிக்கணுமா? சரி, ஒளிச்சு வைக்கறேன். ஆனா ஒண்ணு. ரெண்டு மணிக்குள்ள ஆத்தைத் தாண்டித் திரும்பிடணும். வெயில் ஏற ஏற மேல பனிப்பாறை உருகும். சாயங்காலம் இந்த ஆறு காலையில பார்த்த ஆறா இருக்காது."

"ரெண்டு மணி. சத்தியம்" என்றான் கோல்பெய்ன்.

அடுத்த சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு ஏழு வண்டிகள் வரிசையாக வந்தன. கழுவித் துடைத்த வண்டிகள். வந்தவர்கள் போட்டிருந்த மலைச் சட்டைகளும் புதுசு. ஒருவர் கழுத்தில் விலைச்சீட்டின் நூல் இன்னும் தொங்கியது. ஹால்பெரா மார்பு வரை ரப்பர் உடை மாட்டி, கையில் கோலுடன் ஆற்றில் இறங்கி நடந்து காட்டினாள். தண்ணீர் அகலமாகப் பரந்து சலசலவென்று அலையடித்து ஓடுகிற இடம்தான் ஆழம் குறைந்த இடம். ஒடுக்கமாக, வழவழவென்று சத்தமில்லாமல் போகிற இடம் ஆளை விழுங்கும். நீரோட்டத்தோடு சேர்ந்து சாய்வாக இறங்க வேண்டும். மனிதன் நடக்கிற வேகம். நடுவில் நிற்கக் கூடாது, கியர் மாற்றக் கூடாது. இவ்வளவையும் அவள் சொல்ல, படக்காரர் அவளை விலகி நிற்கச் சொன்னார். படத்தில் விழுகிறாளாம்.

ஏழும் ஏறிவிட்டன. தண்ணீர் சக்கரத்தின் பாதியைக்கூடத் தொடவில்லை. அக்கரையில் அவர்கள் இறங்கி, ஏதோ பிரசவம் நல்லபடி முடிந்த மாதிரி ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு கை தட்டினார்கள். ஹால்பெரா வீட்டுக்கு நடந்து வந்தாள்.

"எல்லாம் போயிடுச்சா?" என்றான் டோர்ஃபி.

"போயிடுச்சு."

"வருத்தமாயிருக்கா?"

"கொஞ்சம்" என்றாள். அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

இரண்டு மணி ஆனது. ஆற்றில் யாரும் இல்லை. மூன்றரைக்கும் இல்லை. வெயில் அன்று அந்த ஊருக்கு அதிகம். டோர்ஃபி சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். நாலு மணிக்கு ஹால்பெரா ரப்பர் உடையை மறுபடி மாட்டினாள். டிராக்டரைத் தொழுவத்துக்குப் பின்னாலிருந்து ஓட்டி வந்து, கரையில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினாள். ஆறு சிமெண்டுக் கரைசல் போல ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கற்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் கேட்டால் அவள் கிரேடரையே ஆற்றில் இறக்க மாட்டாள்.

ஐந்து மணிக்கு வந்தார்கள். கறி சுட நேரமானது, பிறகு சாயங்கால வெளிச்சம் பொன் மாதிரி இருக்கிறது என்று படக்காரர் கெஞ்சினாராம். ஹால்பெரா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்கே ஆட்டினாள். வராதே என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் பாஷை. கோல்பெய்ன் இறங்கிப் பார்த்தான். அவன் பின்னால் ஆறு வண்டிக்காரர்கள் நின்றார்கள். காலையிலிருந்து அவர்களிடம் அவன் சொன்னதெல்லாம் அவன் முதுகில் மூட்டையாக ஏறியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் நின்றான். பிறகு வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினான்.

அதிலும் அவள் காட்டிய இடத்தில் இறங்கவில்லை. அங்கே அலையடித்தது, பயமாக இருந்தது. கொஞ்சம் மேலே, ஒடுக்கமாக, அமைதியாக இருந்த இடத்தில் இறங்கினான்.

வண்டி நாலு மீட்டர் உருண்டது. அதற்குப் பிறகு அது வண்டி இல்லை, படகு. அதுவும் துடுப்பில்லாத படகு. கதவும் ஜன்னலும் இறுக்கமாக மூடி உள்ளே காற்று நிறைந்த பெட்டி தண்ணீரில் வேறென்ன செய்யும்? பின்பக்கம் மிதந்து திரும்பியது. முன்பக்கம் மூழ்கி, இயந்திரம் ஒரு வாய் ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, ஒரு விக்கலோடு நின்றது. இருபது மீட்டர் கீழே ஒரு பாறையில் போய் இடித்துச் சாய்ந்தது. கோல்பெய்ன் ஜன்னல் வழியாக வெளியே வந்து, கூரை மேல் ஏறிப் பூனை மாதிரி குந்தினான்.

ஹால்பெரா டிராக்டரைக் கீழ்ப்பக்கமாக இறக்கி, பின்புறமாக நகர்த்தி, அவனுக்குப் பக்கத்தில் கொண்டு போனாள். தண்ணீர் டிராக்டரின் பெரிய சக்கரத்தையே அசைத்தது.

"கயித்தை எங்கேடா மாட்டறது?" என்று கத்தினாள்.

"கொக்கி இருக்கு! திருகி மாட்டணும்!"

"எங்கே இருக்கு?"

"டிக்கியில! சாமான் வைக்கற பலகைக்கு அடியில! ஒரு சின்னப் பையில!"

"டிக்கியே ஆத்துக்குள்ள இருக்குடா, புத்திசாலி!"

வேறு வழியில்லாமல் அவள் டிராக்டரில் ஒரு காலைக் கோத்துக்கொண்டு, தோள் வரை தண்ணீருக்குள் கையை விட்டு, முன்சக்கரத்தின் பின்னால் இரும்பாக எது அகப்பட்டதோ அதில் கயிற்றைச் சுற்றினாள். பனிப்பாறைத் தண்ணீர். விரல் தன் விரலா என்று தெரியவில்லை. கூரையிலிருந்தவனை டிராக்டருக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு கரையேறினாள். வண்டி அழுதுகொண்டே பின்னால் வந்தது. பாதி வழியில் முன் பம்பர் கழன்று, தனியாகக் கடலைப் பார்த்துப் பயணம் போனது.

அக்கரைக்காரர்களுக்கு அவள் கன்னத்தில் கைவைத்துத் தூங்குவது மாதிரி காட்டி, ஆடு ஓட்டுகிறவர்கள் தங்கும் மலைக் குடிசையைச் சுட்டினாள். ஒருவர் இன்னும் தண்ணீரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முஷ்டியைக் காட்டினாள். அவரும் குடிசைக்குப் போனார்.

கோல்பெய்ன் டோர்ஃபியின் கம்பளிக் கால்சட்டையில் மேசை முன் உட்கார்ந்து ஆட்டுக்கறி சூப் குடித்தான். ஹால்பெரா சும்மா விடவில்லை. ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு கேள்வி கேட்டாள். சூப்பின் ஆழம் போதுமா, புத்தகத்தில் எவ்வளவு போட்டிருக்கிறது, பம்பர் போய்ச் சேர்ந்ததும் தகவல் அனுப்புமா என்று. அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

"வண்டியால முடியும்னு நிஜமாவே நம்பினேன், ஹால்பெரா" என்றான் கடைசியில்.

"காலையில முடிஞ்சுதே. அதே வண்டி, அதே ஆறு. இடமும் நேரமும்தான் வேற. அதை உங்க தாள்ல எந்தப் பக்கத்துல அச்சடிச்சிருக்கீங்க?"

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆற்றில் தண்ணீர் வடிந்திருந்தது. யாரையும் ஓட்ட விடுவதில்லை என்று ஹால்பெரா முடிவு செய்திருந்தாள். ஆறு வண்டியையும் தானே ஓட்டி வருவாள். ஆட்கள் டிராக்டரின் வைக்கோல் வண்டியில் வருவார்கள். சொந்தக்காரர் மட்டும் அவள் பக்கத்தில் உட்காரலாம், வாயைத் திறக்காமல். டிராக்டர் ஓட்ட டோர்ஃபியால் முடியாது. கோல்பெய்ன்தான் ஓட்டினான். கிளட்ச்சை அவன் விடுகிற விதத்தைப் பார்த்து, "மெதுவாடா, அது உன் வாடிக்கையாளர் இல்லை, ஏமாத்த முடியாது" என்று கத்தினாள்.

அக்கரை போனதும் முதல் வேலையாக ஆறு பேரையும் டிக்கியைக் காலி செய்ய வைத்தாள். மடக்கு நாற்காலி, அடுப்பு, நாய்ப் படுக்கை எல்லாவற்றையும் இறக்கி, அடியில் கிடந்த கொக்கியை எடுத்து ஒவ்வொருவரையும் முன்பக்கம் திருகி மாட்டச் சொன்னாள். நாலு பேருக்கு அப்படி ஒரு கொக்கி இருப்பதே அன்றுதான் தெரியும். டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினாள். ஜன்னலைத் திறந்தாள். முதல் வண்டியில் ஏறினாள்.

அது போனது. இரண்டாவதும் போனது. ஆற்றைத் தாண்டிய பிறகு இக்கரையில் ஏறுவதுதான் சிரமம். இரவு வெள்ளம் கரையை அரித்து உருண்டைக் கற்களைக் குவித்திருந்தது. ஒவ்வொரு தடவையும் சக்கரம் ஒரு நொடி வழுக்கும், பிறகு வண்டிக்குள் எங்கேயோ கடகடவென்று ஏதோ கணக்குப் போடும், பின்சக்கரங்கள் ஒரு தள்ளு தள்ளும், ஏறிவிடும். மூன்று, நான்கு, ஐந்து. கோல்பெய்ன் அவளை டிராக்டரில் திரும்ப அக்கரைக்குக் கொண்டு போகும்போது அவள் கரையேறிய வண்டிகளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். ஜீப்புக் குட்டிகள் தன் கையில் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆறாவது வண்டி ஒட்கெய்ர் என்ற பல் மருத்துவருடையது. மெலிந்த, மரியாதையான மனிதர். இரவில் குடிசையில் எல்லோருக்கும் காபி போட்டுக் கொடுத்தவர் அவர்தான். ஹால்பெரா ஏறி உட்கார்ந்தாள். கியருக்குப் பக்கத்தில், மற்ற வண்டிகளில் இருந்த மாதிரியே, ஒரு திருகு. சுற்றிலும் பனி, சேறு, மணல் என்று குட்டிக் குட்டிப் படங்கள். சேற்றில் வைத்தாள். இறங்கினாள். நடு ஆற்றைத் தாண்டும் வரை ஒரு குறையும் இல்லை.

கரையில் முன்சக்கரம் ஏறியது. வழுக்கியது. கணக்குப் போடுகிற சத்தம் கேட்டது. பின்னாலிருந்து வர வேண்டிய தள்ளு வரவில்லை. முன்சக்கரம் கல்லைத் தோண்டித் தோண்டி உள்ளே இறங்கியது. வண்டி வயிற்றில் உட்கார்ந்தது. பின்பாதி ஆற்றுக்குள். மூன்று முறை முயன்றாள். அடியில் பிளாஸ்டிக் கிழிகிற சத்தம்தான் வந்தது.

முப்பத்தோரு வருஷம் அந்தச் சாலையைச் சீவியவள் ஒரு ஜீப்புக் குட்டிக்குள் மாட்டிக்கொண்டு, கரையில் ஐந்து குடும்பம் பார்க்க, உட்கார்ந்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. டோர்ஃபி மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தான். மாசக்கணக்கில் அவன் அப்படிச் சிரித்ததில்லை.

பின்னால் வந்த கோல்பெய்ன் டிராக்டரைச் சுற்றிக் கரையேற்றி, முன்னால் கொண்டு வந்து நிறுத்தினான். இறங்கிக் கொக்கியில் கயிற்றை மாட்டினான். "ஸ்டியரிங்கை நேரா வச்சுக்கோங்க, ஹால்பெரா. நான் கையைக் காட்டின பிறகு லேசா ஆக்சிலேட்டர் கொடுங்க" என்றான். அவளுக்கு அவன் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை. அவள் அப்படியே செய்தாள். கிளட்ச்சையும் இந்தத் தடவை அவன் பூப்போல விட்டான்.

கரைக்கு வந்ததும் அவள் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் தலையை விட்டாள். பின்சக்கரங்களுக்குப் போக வேண்டிய சுழல்தண்டு அங்கே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் காலி. எழுந்து வந்தாள்.

"ஒட்கெய்ர், உங்க வண்டியில முன்சக்கரம் ரெண்டுதான் சுத்தும். பின்சக்கரம் சும்மா துணைக்கு வருது."

"இருக்காதே" என்றார் அவர். "திருகுல மலையெல்லாம் படம் போட்டிருக்கே?"

"என் மேசைத் துணியிலயும்தான் மலை போட்டிருக்கு."

பிறகு அவள் கோல்பெய்ன் பக்கம் திரும்பினாள். அவன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்த கயிற்றை மறுபடி அவிழ்த்துச் சுருட்டினான்.

"உனக்குத் தெரியுமா?" என்றாள்.

அவன் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"நாலு சக்கரமும் சுத்தற வண்டி வர்றதுக்கு நாலு மாசம் ஆகும்னாங்க. இது கையில இருந்துச்சு. பார்வைக்கு ஒண்ணுதான், பேரும் ஒண்ணுதான். இது மலைக்குப் போகுமான்னு கேட்டாரு. நான் பொய் சொல்லலை. திருகைத் திருப்பிக் காட்டினேன். அவரா நினைச்சுக்கிட்டாரு."

ஹால்பெரா அவன் கையிலிருந்த கயிற்றைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்து நீ ஆத்துல இறங்கினே பாரு, அது முட்டாள்தனம்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "அதை நான் பொறுத்துப்பேன். முட்டாளுங்களைத்தானே இத்தனை வருஷமா இழுத்துக்கிட்டிருக்கேன். இது அது இல்லை. இன்ன வண்டின்னு தெரிஞ்சே நேத்துக் காலையில அவரை ஆத்துல இறங்க விட்டு, நீ கை தட்டினே."

அவன் கயிற்றை டிராக்டரில் வைத்துவிட்டு ஒட்கெய்ரிடம் நடந்து போனான். நடந்ததை மற்றவர்கள் கேட்கும்படியாகவே சொன்னான். அவர் காதோடு சொல்லியிருந்தால்கூட யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பல் மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அடுத்த வாரம் என் ரெண்டு பொண்ணுங்களையும் கூட்டிட்டு, நாங்க மட்டும் தனியா, இதே ஆத்துக்கு வரலாம்னு இருந்தேன்" என்றார். அவ்வளவுதான். கத்தவில்லை. கோல்பெய்ன் அங்கேயே ஈரச் சரளை மேல் உட்கார்ந்துவிட்டான்.

ஹால்பெரா எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அர்ச்சனை அன்று யாருக்கும் இல்லை.

படங்களைக் கடை பயன்படுத்தவில்லை. கோல்பெய்ன் நகரத்துக்குத் திரும்பியதும், வாடிக்கையாளர் தவறாக நினைக்கும்படி தான்தான் பேசி விற்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு ஒட்கெய்ர் வண்டியைத் திருப்பிக் கொடுத்தார். கடையும் முணுமுணுத்துக்கொண்டு வாங்கிக்கொண்டது. அக்டோபரில் கோல்பெய்னை வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் இப்போது நன்றாகத் தூங்குகிறார் என்று மெல்கோர்கா போனில் சொன்னாள். "முழிச்சிருந்தப்பதான் பிரச்சினையே" என்றாள் ஹால்பெரா.

கூட்டுறவுக் கடையில் அக்கம்பக்கத்துக்காரர்கள் அவளைக் கிண்டலடித்தார்கள். குட்டி உன்னையே மாட்டி வைத்துவிட்டதாமே, அப்போ அதெல்லாம் மலைக்குப் போகுமா போகாதா என்று.

"அஞ்சு போச்சு. ஒண்ணு மிதந்துச்சு. ஒண்ணு ஊருக்குள்ள பால் வாங்கப் போற வண்டி, மலைவேஷம் போட்டுக்கிட்டு வந்துச்சு" என்றாள். "எந்த வண்டின்னு கேக்காம, போகுமான்னு கேக்கறவன் நடந்தே போகட்டும்."

நவம்பரில் அவள் வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம் செத்துப்போனது. டோர்ஃபியையும் ஏற்றிக்கொண்டு ரெய்க்யாவிக் போனாள். கோல்பெய்ன் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த கடைக்குத்தான் போனாள். வீட்டுச் சாமான் கடை. அவன் பெயர் எழுதிய அட்டையைச் சட்டையில் குத்திக்கொண்டு வரிசையாக நின்ற இயந்திரங்களுக்கு நடுவில் நின்றான். கொஞ்சம் இளைத்திருந்தான். அவள் ஒன்றைக் காட்டினாள். அதன் திருகைச் சுற்றிப் பருத்தி, பட்டு, கம்பளி என்று படம் போட்டிருந்தது. கம்பளிக்கு ஒரு நூல் உருண்டை.

"இதுல என் ஆட்டுக் கம்பளிச் சட்டையைப் போடலாமா?" என்றாள்.

"போடாதீங்க. ரெண்டே தடவையில பொம்மைச் சட்டை ஆயிடும். கையால துவைங்க."

"படம் போட்டிருக்கே?"

"போட்டிருக்கு" என்றான் கோல்பெய்ன். "துணி, படுக்கை விரிப்பு, டோர்ஃபியோட கால்சட்டை, இதெல்லாம் நல்லாத் துவைக்கும். அதுக்கு மேல இதுகிட்ட எதிர்பார்க்காதீங்க."

ஹால்பெரா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கையுறையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "சரி, இதையே ஏத்து" என்றாள்.